இகாரஸ் கதை புரிந்ததா? கேட்டுப் பார்க்கும் வழிகளில் எது தேறும்

குழந்தை கதையைப் படித்து முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால்தான் பலவுள் தெரிக, கோடிட்ட இடத்தை நிரப்புக, குறுவினா, வரிசைப்படுத்துக, கதையைத் திருப்பிச் சொல் என்று இத்தனை வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எல்லாமே எதையோ அளக்கின்றன. அது புரிதல்தானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

குழந்தைகளுக்காக எளிமையாக்கிச் சொன்ன கிரேக்கப் புராணக் கதை என்றால் சந்தேகம் இன்னும் கூடுகிறது. எருதுத் தலை அரக்கன் மினோட்டாரையும் பாம்புக் கூந்தல் மெடூசாவையும் கார்ட்டூனிலோ வீடியோ கேமிலோ ஏற்கெனவே பார்த்துவிட்ட குழந்தை, புத்தகத்தைத் திறக்காமலே எல்லாக் கேள்விகளுக்கும் சரியான விடை எழுதிவிடும். இந்தப் பெயர்களை முதன்முதலாகக் கேட்கும் குழந்தையோ, கதையை ஒழுங்காகப் பின்தொடர்ந்திருந்தும், அப்பா டெய்டலசா இகாரசா என்று குழம்பி மதிப்பெண்ணைக் கோட்டை விடும். முதல் குழந்தைக்கு நூறு, இரண்டாவதுக்கு ஐம்பது. உண்மையில் படித்தது இரண்டாவதுதான்.

எட்டு முதல் பதினொரு வயதுக் குழந்தைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். வழிகளைத் தனித்தனியாகப் பேசினால் காற்றில் நிற்கும் என்பதால், ஒரே பத்தியை வைத்து எல்லாவற்றையும் உரசிப் பார்க்கலாம். குழந்தையின் கையில் இருப்பது இது என்று வைத்துக்கொள்வோம்:

"மைனோஸ் மன்னன் டெய்டலசையும் அவன் மகன் இகாரசையும் கிரீட் தீவை விட்டுப் போகவிடவில்லை. துறைமுகமெங்கும் காவல். கடலில் மன்னனின் கப்பல்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. 'நிலமும் நீரும் அவன் கையில். வானம் அவன் கையில் இல்லை' என்றான் டெய்டலஸ். சின்ன இறகிலிருந்து பெரிய இறகு வரை வரிசையாக அடுக்கி, நடுவில் நூலாலும் அடியில் மெழுகாலும் இணைத்து இரண்டு சோடி இறக்கைகள் செய்தான். மகனுக்கு மாட்டிவிட்டுச் சொன்னான்: 'ரொம்பத் தாழப் பறந்தால் அலைத்துளி பட்டு இறகு கனத்துவிடும். ரொம்ப உயரப் பறந்தால் வெயிலில் மெழுகு இளகிவிடும். நடுவிலேயே வா.' சொல்லும்போது அவன் கை நடுங்கியது."

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்: மகன் உயரப் பறந்தான், மெழுகு இளகியது, கடலில் விழுந்தான். அந்த 'எல்லோருக்கும் தெரியும்' தான் சிக்கலே.

பலவுள் தெரிக

திருத்துவது சுலபம், நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் கொடுக்கலாம், பெற்றோர் மதிப்பெண் கேட்டால் காட்ட ஓர் எண் இருக்கும். இந்த மூன்றுக்காகவும் இது நிலைத்திருக்கிறது. குறை என்னவென்றால், பெரும்பாலான கேள்விகள் கதையைப் படித்தவரையும் படிக்காதவரையும் பிரிப்பதில்லை. "இகாரசின் இறக்கைகள் ஏன் கழன்றன?" என்று கேட்டு, சூரிய வெப்பம், மழை, பறவை, அம்பு என்று நான்கைக் கொடுத்தால், தெரிந்த குழந்தையும் தேறும், ஊகிக்கிற குழந்தையும் தேறும்.

இது வெறும் வகுப்பறைப் புலம்பல் இல்லை. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் கிரே வாய்மொழி வாசிப்புத் தேர்வை எடுத்துக்கொண்டு, கீனன், பெட்ஜமன் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் பரிசோதித்தார்கள். பத்தியைக் காட்டாமல் கேள்விகளை மட்டும் கொடுத்தபோதும், பெரும்பாலான கேள்விகளுக்குக் குருட்டாம்போக்கில் எதிர்பார்க்கக்கூடியதைவிடக் கூடுதலாகச் சரியான விடைகள் வந்தன. தரப்படுத்திய தேர்வுக்கே இந்தக் கதி என்றால், நாம் இரவோடு இரவாகத் தயாரிக்கிற கேள்வித்தாள் எம்மாத்திரம்?

இதற்கு மருந்தும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. கேள்வித்தாளை முதலில் கதையைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் சரியாகச் சொல்லிவிடும் கேள்விகளைத் தூக்கிவிடுங்கள். மிஞ்சுபவை வேறு மாதிரி இருக்கும். உதாரணமாக: "சுற்றிலும் கடல். டெய்டலஸ் ஏன் படகு கட்டவில்லை?" விடைகளாக, அவனுக்குப் படகு கட்டத் தெரியாது, மன்னனின் கப்பல்கள் கடலைக் காத்தன, அலைத்துளி பட்டால் கனத்துவிடும் என்று பயந்தான், மகன் பறக்க ஆசைப்பட்டான். மூன்றாவது விடையைப் பாருங்கள். அது கதையில் உள்ள சொற்களாலேயே ஆனது, ஆனால் இடம் மாறி வந்தது. 'கடல்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அதற்கு அருகில் எங்கோ படித்ததைத் தேடும் குழந்தை நேராக அங்கே போய் விழும். நான்காவது, கார்ட்டூன் பார்த்த குழந்தைக்கான வலை. தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறான வாசிப்பிலிருந்து பிறந்திருக்க வேண்டும். அப்படி எழுதினால் பலவுள் தெரிகவும் மோசமில்லை. ஆனால் அப்படி ஐந்து கேள்வி எழுத எடுக்கும் நேரத்தில் மூன்று குழந்தைகளிடம் கதையைக் கேட்டுவிடலாம்.

கோடிட்ட இடம்

இதை விரைவாகக் கடந்துவிடலாம். ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் முறைக்கு 1953இல் வில்சன் டெய்லர் வடிவம் கொடுத்தபோது, அவர் அளக்க நினைத்தது வாசிப்பவரை அல்ல; எழுதியதைத்தான். ஒரு பத்தி வாசகருக்கு எவ்வளவு கடினம் என்று பார்க்கும் கருவி அது. இன்றும் அதற்கே நன்றாக உதவும். புதிதாகக் கிடைத்த மறுகூறல் (பழைய கதையைத் தன் மொழியில் திரும்பச் சொன்ன புத்தகம்) உங்கள் குழந்தைக்குப் பொருந்துமா, மொழி கடினமா என்று பார்க்க ஒரு பத்தியில் செய்து பாருங்கள்.

கதை புரிந்ததா என்பதற்கு இது பயன்படாது. தமிழில் இன்னும் மோசம். "வெயிலில் ____ இளகிவிடும்" என்று வந்தால் வினைமுற்றே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. '-ஆன்' வந்தால் ஆண், '-ஆள்' வந்தால் பெண். ஒரு வாக்கியத்தின் இலக்கணம் தெரிந்தால் போதும், முந்தைய வாக்கியத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே வராது. கதை என்பதோ வாக்கியங்களுக்கு நடுவில் நடப்பது.

எழுதச் சொல்லும் குறுவினா

இதில் கேள்வி நன்றாக அமைந்தால் விடையும் நன்றாக வரும். "டெய்டலசின் கை ஏன் நடுங்கியது?" என்று கேளுங்கள். பத்தியில் அதற்கு விடை எழுதப்படவில்லை. மகனுக்கு என்னாகுமோ என்ற பயம் என்பதைக் குழந்தை தானே கண்டெடுக்க வேண்டும். "வயசானதால நடுங்குச்சு" என்று ஒரு குழந்தை எழுதினால், அது வாக்கியத்தைப் படித்திருக்கிறது, காட்சியைப் படிக்கவில்லை. "குளிர்" என்றால் அது தன் அனுபவத்திலிருந்து எடுத்துப் போட்டது. தவறான விடையிலும் இவ்வளவு செய்தி கிடைப்பது குறுவினாவின் பலம்.

கேள்வி மோசமாக அமைந்தால் குழந்தை பத்தியிலிருந்து ஒரு வரியை அப்படியே பார்த்து எழுதிவிடும். "இறக்கைகளை எப்படிச் செய்தான்?" என்பதற்கு அச்சுப் பிசகாமல் விடை வரும், அடுக்குவது என்றால் என்ன என்று தெரியாமலே.

எந்தக் கேள்வி எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஒரு நல்ல அளவுகோல், பிர்ல்ஸ் எனப்படும் சர்வதேச வாசிப்பு மதிப்பீடு. 2001 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, நான்காம் வகுப்பு அளவிலான குழந்தைகளிடம் நடத்தப்படுவது. 2016ஆம் ஆண்டுக்கான அதன் திட்டத்தில், நேரடியாகச் சொல்லப்பட்டதைத் தேடி எடுக்கும் கேள்விகளுக்கு 20 சதவீதம்தான் இடம். எளிய ஊகத்துக்கு 30, பல இடங்களை இணைத்துப் பொருள் கொள்ள 30, எழுதப்பட்ட விதத்தை எடைபோட 20. நாம் வழக்கமாக எழுதும் கேள்வித்தாளை இதோடு ஒப்பிட்டால், முதல் வகையே முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருக்கும்.

குறுவினாவின் பெரிய குறை எழுத்துதான். மனதில் தெளிவாக இருப்பதை எழுத வராத குழந்தை 'பயம்' என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்திவிடும். யாருக்குப் பயம், எதற்கு என்று வாயால் கேட்டால் கொட்டும். மதிப்பெண் கட்டாயம் என்றால் ஒழிய, இதே கேள்விகளை வாயால் கேட்பதே மேல்.

இதோடு சேர்த்து இன்னொன்று. கஃப், டன்மர் இருவரும் 1986இல் முன்வைத்த எளிய பார்வைப்படி, வாசித்துப் புரிதல் என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். குழந்தை எல்லாக் கேள்விகளிலும் தடுமாறினால், அடுத்த கதையை நீங்களே வாசித்துக் காட்டி அதே மாதிரிக் கேள்விகளைக் கேளுங்கள். அப்போது பளிச்சென்று பதில் வந்தால் கோளாறு புரிதலில் இல்லை, எழுத்துக்கூட்டுவதில். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

நீதி கேட்பது பற்றி

கதை முடிந்ததும் "இதன் நீதி என்ன?" என்று கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. இகாரஸ் கதைக்கு எல்லாக் குழந்தைகளும் சொல்லும் பதில்: பெரியவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். கதையைப் படிக்காத குழந்தையும் இதையேதான் சொல்லும். எந்தக் கதைக்கும் பொருந்தும் பதில் எந்தக் கதையையும் சோதிக்காது. நீதி பேச ஆசையாக இருந்தால் பேசுங்கள். அதைப் புரிதல் கணக்கில் சேர்க்காதீர்கள்.

திருப்பிச் சொல்லச் சொல்வது

என் ஓட்டு இதற்குத்தான். கேள்வி கேட்கும்போது எது முக்கியம் என்பதை நாமே காட்டிக் கொடுத்துவிடுகிறோம். 'படகு ஏன் கட்டவில்லை' என்று கேட்ட உடனேயே, கடல் காவல் முக்கியம் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. கதையைச் சொல் என்றால் எதை எடுப்பது, எதை விடுவது, எதை எதோடு கோர்ப்பது எல்லாம் குழந்தையின் பொறுப்பு.

இரண்டு குழந்தைகள் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒன்று: "ஒரு அப்பா இருந்தாரு. அப்புறம் இறக்கை செஞ்சாரு. அப்புறம் பையன் பறந்தான். அப்புறம் மேல போனான். அப்புறம் விழுந்துட்டான்." இன்னொன்று: "ராஜா அவங்களை விடல, கடல்லயும் கப்பல் நின்னுச்சு. அதனால பறந்துதான் போகணும். மெழுகுல ஒட்டினதால மேல போகக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு. ஆனா பையனுக்குப் பறக்கறது ஜாலியா இருந்துச்சு, மறந்துட்டான்." இரண்டாவது குழந்தை ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் யார் நன்றாகப் படித்தது என்பதில் சந்தேகம் உண்டா? 'அப்புறம்' என்று வரும் இடங்களையும் 'அதனால', 'ஆனா' என்று வரும் இடங்களையும் எண்ணினாலே பாதி மதிப்பீடு முடிந்துவிடும். முதல் குழந்தை நிகழ்ச்சிகளை வைத்திருக்கிறது, இரண்டாவது காரணங்களை வைத்திருக்கிறது.

நான் காது கொடுத்துக் கேட்கும் இன்னொரு இடம், தந்தையின் எச்சரிக்கை. அதில் இரண்டு பக்கம் உண்டு: தாழவும் கூடாது, உயரவும் கூடாது. முடிவு தெரிந்த குழந்தை உயரத்தை மட்டும் சொல்லும், ஏனென்றால் கதையின் முடிவுக்கு அது போதும். தாழ்வையும் சேர்த்துச் சொல்லும் குழந்தை இந்தப் பக்கத்தை உண்மையாகவே படித்திருக்கிறது.

மறந்ததும் மாற்றியதும்கூடப் பயன்படும். 1932இல் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் வெளியிட்ட ஆய்வுகளில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை இங்கிலாந்து வாசகர்களிடம் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். படித்தவர்கள், வளர்ந்தவர்கள்தான். அவர்களே கதையைத் தங்களுக்குப் பழக்கமான வடிவத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். குடைந்த மரக்கலம் சாதாரணப் படகானது, புரியாத பேய் விவகாரங்கள் உதிர்ந்துபோயின. குழந்தையும் அப்படித்தான் செய்யும். இகாரசைக் கடவுள் தண்டித்தார் என்று சேர்த்துச் சொன்னால், பத்தியில் இல்லாததை எங்கிருந்து கொண்டுவந்தது என்று கேளுங்கள். தவறு என்று அடிக்கக் கூடாது. அது இடைவெளியை நிரப்பிய விதம். அங்கே என்ன இடைவெளி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

இந்த வழி வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. கேட்பவருக்குக் கதை தெரியாது என்று குழந்தை நம்ப வேண்டும். கூடவே உட்கார்ந்து படித்த உங்களிடமே சொல்லச் சொன்னால், "அதான் உங்களுக்குத் தெரியுமே" என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்ளும். அதில் நியாயமும் இருக்கிறது. தம்பியிடமோ, வகுப்பில் வேறு கதை படித்த பக்கத்துப் பிள்ளையிடமோ சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் ஓரமாக இருந்து கேளுங்கள். நடுவில் தடுமாறினால் "அப்புறம்?" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். "சூரியன் பக்கத்துல போனானா?" என்று எடுத்துக் கொடுத்தால் திருப்பிச் சொல்பவர் நீங்களாகிவிடுவீர்கள்.

கூச்சமுள்ள குழந்தை, திக்கும் குழந்தை, வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை ஆகியோருக்கு இது அநியாயம் செய்யும். அங்கேதான் அடுத்த வழி கைகொடுக்கும்.

காட்டச் சொல்வது

ரெக்ட், லெஸ்லி இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்ட வர்ணனையைப் படிக்கக் கொடுத்து, மாதிரி மைதானத்தில் மரப் பொம்மைகளை நகர்த்தி ஆட்டத்தைக் காட்டச் சொன்னார்கள். ஆட்டம் தெரிந்த, வாசிப்பில் பலவீனமான மாணவர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். முன்பே அறிந்தது எவ்வளவு தூரம் முடிவை இழுக்கும் என்பதற்கு இந்த ஆய்வைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த மரப் பொம்மைகள். பேச வராத, எழுத வராத புரிதலை வெளியே கொண்டுவர அவை போதும்.

இகாரஸ் கதைக்கு ஒரு தாள் போதும். குறுக்கே மூன்று கோடு போடச் சொல்லி, மேல் கோட்டில் போனால் என்ன, நடுவில் என்ன, கீழே என்ன என்று படமாகவோ ஒரு சொல்லாகவோ காட்டச் சொல்லுங்கள். கீழ்க்கோடு காலியாக இருந்தால் எச்சரிக்கையின் பாதி போய்ச் சேரவில்லை.

நிகழ்ச்சி அட்டைகளை வரிசைப்படுத்தச் சொல்வது இதற்குத் தம்பி முறை. ஆனால் கதையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இகாரஸ் கதையில் விழுவது கடைசி என்று யாருக்கும் தெரியும், அதனால் வரிசை எதையும் சோதிப்பதில்லை. மினோட்டாரைக் கொன்று தீசியஸ் திரும்பி வரும் கதைக்கு அது நன்றாகப் பொருந்தும். உயிரோடு திரும்பினால் கப்பலில் வெள்ளைப் பாய் ஏற்றுவேன் என்று அப்பா ஏஜியசிடம் சொல்லிப் போனவன், வெற்றி பெற்றும் பாயை மாற்ற மறந்துவிடுகிறான். கறுப்புப் பாயைப் பார்த்த ஏஜியஸ் கடலில் குதிக்கிறார். வாக்குறுதி அட்டையை எங்கே வைப்பது என்று தெரிந்தால்தான் கடைசி அட்டைக்கு அர்த்தம் வரும்.

எந்த வழியானாலும் ஒரு பொறி

கிரேக்கக் கதைகளுக்கு ஒரே வடிவம் கிடையாது. பாதாள மன்னன் கடத்திப்போன பெர்செஃபனி எத்தனை மாதுளை விதை தின்றாள் என்ற கேள்வியை நான் எத்தனையோ பயிற்சித்தாள்களில் பார்த்திருக்கிறேன். அவள் தாய் டிமீட்டருக்கான பழைய கிரேக்கப் பாடலில் ஒரு விதைதான். ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு அவள் பாதாளத்தில். ரோமானியக் கவிஞர் ஓவிட் ஏழு என்கிறார். ஆண்டு சரிபாதியாகப் பிரிகிறது. இன்றைய குழந்தைப் புத்தகங்கள் பலவற்றில் ஆறு. ஏழு என்று சொன்ன குழந்தைக்குத் தவறு போட்டால், அது வேறு புத்தகம் படித்ததற்கான தண்டனை. "விதை தின்றதால் அவளுக்கு என்ன சிக்கல் வந்தது?" என்று கேட்டிருந்தால் இந்த வம்பே இல்லை.

தொட்டதெல்லாம் பொன்னாகும் மன்னன் மைடாஸ் கதையில் மகள் பொன்னாவதும் அப்படித்தான். ஓவிடிடம் அந்த மகளே இல்லை; 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க எழுத்தாளர் நத்தானியேல் ஹாத்தோர்ன் குழந்தைகளுக்காகச் சொன்னபோது வந்து ஒட்டிக்கொண்டவள். கையில் உள்ள மறுகூறலில் மகள் இல்லாதபோதும் குழந்தை அவளைச் சொன்னால், அது நினைவிலிருந்து பேசுகிறது. இந்த வித்தியாசத்தை நாமே பயன்படுத்திக்கொள்ளலாம்: பிரபலமான வடிவத்திலிருந்து எங்கோ விலகும் ஒரு மறுகூறலைத் தேர்ந்தெடுத்து, அந்த விலகலில் ஒரு கேள்வி வையுங்கள்.

சரி, எதை எடுப்பது

வீட்டில் ஒரு குழந்தை என்றால் யோசிக்கவே வேண்டாம். யாரிடமாவது திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு படகும் நடுங்கிய கையும் போல இரண்டு 'ஏன்' கேள்விகள். அதற்கு மேல் கேட்டால் அடுத்த கதையைக் கையில் எடுக்காது.

நாற்பது பேர் வகுப்பில் எல்லோருடைய கதையையும் கேட்பது நடக்காது. படிக்காதவரிடம் கொடுத்துச் சலித்தெடுத்த நான்கைந்து பலவுள் தெரிக எல்லோருக்கும். ஒவ்வொரு கதைக்கும் ஐந்தாறு குழந்தைகளிடம் மட்டும் திருப்பிச் சொல்லக் கேட்பது. அடுத்த கதைக்கு வேறு ஐந்தாறு பேர். மதிப்பெண் அதிகம் வாங்கி, கதை சொல்லும்போது 'அப்புறம்' மட்டுமே வரும் குழந்தைகளைக் குறித்து வையுங்கள். எண்ணில் தெரியாத குறை அங்கேதான் இருக்கும். அவர்களை அடுத்த சுற்றிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதத்துக்கு மாதம் முன்னேற்றம் பார்க்க நினைப்பவர்கள், ஒரு மாதம் இகாரசும் அடுத்த மாதம் மெடூசாவும் வைத்து ஒப்பிட்டால் குழந்தை எந்தக் கதையை முன்பே அறிந்திருந்தது என்பதைத்தான் வரைபடமாக்குவார்கள். படிக்கக் கொடுக்கும் முன் "இந்தக் கதை தெரியுமா, தெரிஞ்சா சொல்லு" என்று ஒரு நிமிடம் கேட்டு எழுதி வையுங்கள். படித்த பிறகு வரும் கதையில் அந்த ஒரு நிமிடத்தில் இல்லாதது எதுவோ, அதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவை எதையும் செய்ய நேரமில்லை என்றால், குழந்தையை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பலின்க்சர், பிரவுன் இருவரும் 1984இல் எழுதிய மாற்றிக் கற்பித்தல் (ஆசிரியரும் மாணவரும் மாறி மாறி நடத்துவது) முறையில், முன்கூட்டி ஊகிப்பது, சந்தேகம் தீர்ப்பது, சுருக்கிச் சொல்வது ஆகியவற்றோடு மாணவரே கேள்வி கேட்பதும் ஒரு தூண். "இகாரசோட அப்பா பேர் என்ன?" என்று கேட்கும் குழந்தை பக்கத்தின் மேலாகப் போயிருக்கிறது. "அவ்ளோ பயமா இருந்தா பையனை ஏன் ஒரு கயித்துல தன்னோட கட்டிக்கல?" என்று கேட்கும் குழந்தைக்கு வேறு எந்தத் தேர்வும் தேவையில்லை.